மழையைப் படமெடுப்பது: வடசென்னைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு வருஷா வருஷம் மழையைப் படமெடுப்பவன் என்பதால், நம் பக்கத்து ஆட்களிடம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

அண்ணா, கண்ணுக்கு அடைமழையாகத் தெரிகிறது. படத்தில் பார்த்தால் மழையே இல்லை, வெறும் சாம்பல் நிறம்தான். ஏன்? (தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி)

முதலில் இதைக் கேட்டதற்கு நன்றிம்மா. மழைப் படத்தில் பாதி விஷயம் இதற்குள்தான் இருக்கிறது.

நீ வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்திருப்பாய். வெளுத்த வானத்துக்கு முன்னால் வெளுத்த மழை எப்படித் தெரியும்? மழைக்குப் பின்னால் இருட்டு வேண்டும். எதிர்வீட்டு மாடிப்படியின் அடிப்பகுதி, திறந்து கிடக்கும் குடோன் வாசல், தழைத்த வேப்பமரம், ஈரத்தில் கறுத்துப்போன செங்கல் சுவர் என எதுவானாலும் சரி. அடுத்தது வெளிச்சம். அது உன் முதுகுப் பக்கத்திலிருந்து வரக் கூடாது, மழைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன்னை நோக்கி வர வேண்டும். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்து உன் பக்கம் அனுப்பும், அப்போதுதான் துளி மின்னும்.

ராத்திரி மழையில் பீச் ஸ்டேஷன் எதிரே இருக்கும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளைப் பார்த்திருப்பாய். கடைக்குள் ஒரு பல்பு, அடுப்பிலிருந்து எழும் ஆவி, தார்ப்பாயின் ஓரத்திலிருந்து நூல் நூலாகக் கொட்டும் தண்ணீர். அந்தப் பல்பு, கடைக்காரரின் தோளுக்குப் பின்னால் மறையும்படி இரண்டடி தள்ளி நின்று பார். தண்ணீர் நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், ஆவியும் பொன் நிறமாகும். அதே கடையைப் பல்பு இருக்கும் பக்கம் போய் நின்று எடுத்தால் ஒன்றும் இருக்காது.

அப்புறம் ஷட்டர், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். பெரிய மழைத்துளி விநாடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/60 விநாடியில் எடுத்தால் துளி 15 செ.மீ. நீளக் கோடாக விழும். 1/125 என்றால் ஏழு செ.மீ. 1/1000 வைத்தால் ஒரு செ.மீ. கூட வராது, படம் முழுக்கப் புள்ளிகள், ஏதோ தூசி படிந்தது போலிருக்கும். அடைமழையின் கனத்தைக் காட்ட 1/60 முதல் 1/125 வரை போதும். தூறலின் சிறு துளிகள் மெதுவாக விழும், அதற்கு ஷட்டரை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கலாம். கையை எங்காவது ஊன்றிக்கொள். வாசற்கால் இருந்தால் அதில் சாய்ந்துகொள்.

மழைப் படத்துக்கு எந்த ஃபோன் வாங்கலாம்? (மூலக்கடை)

கையில் இருப்பது போதும். அதில் ப்ரோ மோட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் ஷட்டரை நம் இஷ்டத்துக்கு வைக்கவிடும் செயலி ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. ஒரு படத்தில் இருக்கும் துளி அடுத்த படத்தில் அதே இடத்தில் இருக்காது. அதனால் மழையைத் தேவையில்லாத இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். தெரு பளிச்சென்று வரும், மழை மட்டும் காணாமல் போகும்.

மொட்டை மாடியிலிருந்து மின்னலை எடுக்க என்ன செட்டிங்? (ராயபுரம், வேலைக்குப் போகும் இளைஞர்)

மொட்டை மாடியில் நிற்காதே தம்பி. தண்ணீர்த் தொட்டியும் அதன் ஏணியும்தான் அங்கே உயரமானவை, அடுத்தது நீ. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கு. இடிச் சத்தம் 30 விநாடிக்குள் கேட்டால் இடி பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வெளியே வரக் கூடாது.

மின்னலை அறைக்குள்ளிருந்தே எடுக்கலாம். அறை விளக்கை அணைத்துவிடு. ட்ரைபாடை ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வை, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, ஷட்டர் 10 முதல் 15 விநாடி. ஃபோகஸைத் தூரத்தில் எரியும் ஏதாவது விளக்கில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று எடுத்துக்கொண்டே இரு. ராயபுரத்தில் கடல் பக்கம் ஜன்னல் இருந்தால் நீ கொடுத்துவைத்தவன்.

என் ஃபோன் ஐ.பி. 68. நனைந்தால் ஒன்றும் ஆகாதே? (எர்ணாவூர்)

ஐ.பி. 68 என்பது தண்ணீரும் தூசியும் புகாமைக்கான தரக்குறியீடு. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புது ஃபோனில் செய்வது. எர்ணாவூரில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கரையோரம் எடுத்துவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். சார்ஜ் போடும் வாய் முழுக்கக் காயாமல் சார்ஜ் போடாதீர்கள்.

காசிமேட்டில் புயல் நேரத்து அலையை எடுக்க எந்த இடம் நல்லது? (புதுவண்ணாரப்பேட்டை)

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் எந்த இடமும் நல்லதில்லை. அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களில் பாசி பிடித்திருக்கும், ஓர் அலை வந்து போனால் கால் நிற்காது. கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் படகைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் இருக்கும்போது நமக்கு அங்கே என்ன வேலை? மழை விட்ட மறுநாள் காலையில் போங்கள். வரிசையாகக் கட்டிய விசைப்படகுகளின் நிறமெல்லாம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். எந்தப் படத்துக்கும் அது போதும்.

நல்ல ஃபோன் ஒன்று சொல்லுங்களேன், பட்ஜெட் இருபதாயிரம். (கொடுங்கையூர்)

மூலக்கடைக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

பெரிய மழை எப்போது வரும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? (தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, இதைப் பற்றிப் பேச எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நம் ஊரிலேயே அதற்கான கண் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் மழை மேகங்களின் இடத்தையும் நகர்வையும் காட்டும் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் 2002 முதல் நிற்கிறது. அதன் படங்களைத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வடகிழக்குப் பருவத்தில் நம் மழை பெரும்பாலும் கடலிலிருந்து வருகிறது, அதுவும் நள்ளிரவுக்கு மேல் விடிகாலை வரைதான் கரையோரத்தில் அதிகம் கொட்டும். அதனால் மேகம் எங்கே இருக்கிறது என்று மேற்கே தேடாதீர்கள். கிழக்கே கடல்மேல் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள் இருக்கின்றனவா, அடுத்தடுத்த படங்களில் அவை கரைப் பக்கம் நகர்கின்றனவா என்று பாருங்கள். நகர்ந்தால் குடையை எடுத்து வைத்துவிடலாம்.

கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று செய்தியில் சொல்வது ஒருநாள் அளவை வைத்து. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. கணக்கு, காலை எட்டரையிலிருந்து மறுநாள் எட்டரை வரை. ஆனால் நமக்கு முக்கியம், அந்த அளவு எத்தனை மணி நேரத்தில் பெய்தது என்பதுதான். 2025 ஆகஸ்ட் 30 இரவு மணலியில் 27 செ.மீ. கொட்டியது, பருவமழை தொடங்கக்கூட இல்லை, வெறும் வெப்பச்சலன மழை. நகரத்தின் மற்ற பகுதிகளில் அவ்வளவு இல்லை. அதனால் "சென்னையில் மழை" என்ற செய்தியை நம்பிக் கிளம்பாமல், ரேடாரில் நம் பகுதியை மட்டும் பாருங்கள்.

முழங்கால் தண்ணீரில் நின்று தெருவை எடுத்தால் பிரதிபலிப்பு நன்றாக வருமா? (பட்டாளம்)

வரும், ஆனால் இறங்காதீர்கள். நம் தெருக்களில் மின்சாரக் கேபிள் பூமிக்கடியில்தான் போகிறது. ஓரத்தில் நிற்கும் பில்லர் பாக்ஸ்கள் (மின் இணைப்புப் பெட்டிகள்) பலவற்றின் கதவு சரியாக மூடுவதில்லை. மழைநீர் வடிகாலின் மூடி திறந்திருந்தால் தண்ணீருக்கு மேலிருந்து தெரியாது. காலில் சின்னப் புண் இருந்தாலே எலிக்காய்ச்சல் வரலாம். மழை விட்ட பிறகு சாலையில் நிற்கும் கையகலத் தண்ணீரே போதும். ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸைத் தண்ணீருக்கு இரண்டு விரற்கடை மேலே கொண்டுபோங்கள், மெட்ரோ தூண் முழுசாக அதற்குள் வந்துவிடும்.

மழையை ரசிப்பது, படமெடுப்பது என்று நீங்கள் எழுதுவதைப் படித்தால் கோபம் வருகிறது. மழை என்றால் எங்கள் தெருவில் கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்போம். (வியாசர்பாடி)

உங்கள் கோபம் நியாயம். ஆனால் கேமரா உங்களுக்குத்தான் மிகவும் தேவை என்று நான் நினைக்கிறேன், கேளுங்கள்.

மழை தொடங்கும் முன்பே வீட்டு வாசல் சுவரில் அடிக்கோலால் அளந்து பெயிண்டில் கோடுகள் போட்டு வையுங்கள். தண்ணீர் ஏற ஏற, ஒரே இடத்தில் நின்று, மணிக்கொரு படம். கூடவே, தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஒரு சின்ன வீடியோ. ஓட்டேரி நல்லா ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய் எல்லாம் பக்கிங்காம் கால்வாயில்தான் போய்ச் சேருகின்றன. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது அங்கே வடிவது குறையும். அந்த நேரத்தோடு உங்கள் படத்தின் நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால், தெரு வடிகால் அடைத்திருக்கிறதா, கால்வாயே தண்ணீரைத் திருப்பித் தள்ளுகிறதா என்று புரியும். இரண்டுக்கும் வேறுவேறு வைத்தியம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லும்போது இந்தப் படங்களை வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒன்று முக்கியம்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் தேதியும் நேரமும் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இப்படி எல்லாரும் வெள்ளத்தையே எடுத்துப் போட்டுத்தான் வடசென்னை என்றாலே இடுப்பளவு தண்ணீர் என்று ஆகிவிட்டது. பெண் கொடுக்கவே யோசிக்கிறார்கள். நீங்களும் அதையே சொல்லிக்கொடுக்கிறீர்களே? (திருவொற்றியூர்)

திருவொற்றியூர்க்காரருக்கு: படம் வெளியே வராவிட்டால் தண்ணீரை இறைக்க மோட்டார் வருமா? கௌரவம் பார்த்தால் தண்ணீர்தான் நிற்கும். (பெரம்பூர்)

இதே விஷயத்துக்கு இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள், சிலர் கொஞ்சம் சூடாகவே. எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெரம்பூர்க்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியதே, அப்போது வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் படிந்த கறுப்பை எண்ணூர் மக்கள் படமெடுத்துக் காட்டினார்கள். சுவரில் கறுப்பு எந்த உயரத்துக்கு ஏறியிருந்தது என்பதைப் பார்த்தவர் யாரும் "சின்னக் கசிவு" என்று சொல்ல முடியாது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்தது.

திருவொற்றியூர்க்காரர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எனக்கும் அந்த வலி உண்டு. வெளியிலிருந்து வருபவர்கள் நம் மழையை எடுப்பதில்லை, நம் முகத்தை எடுக்கிறார்கள். தலையில் பாயோடு தண்ணீரில் நடக்கும் பாட்டியை அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எடுத்துப் போடுகிறார்கள். போதாததற்கு, 2015 வெள்ளப் படத்தை இந்த வருஷத்தது என்று திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். இதை நாமாவது செய்யக் கூடாது. தண்ணீரை எடுங்கள், அளவை எடுங்கள், அடைத்த வடிகாலை எடுங்கள். ஆளை எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள், முடிந்தால் அவர் பாயை ஒரு கை பிடித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

அதோடு, அழகையும் விடாதீர்கள். 1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனின் தூண்கள் மழையில் நனைந்து நிற்பது நம்முடையது. மழை விட்டதும் மெரினாவை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? புகாருக்கு ஒரு படம், ஆசைக்கு ஒரு படம். இரண்டையும் நாமே எடுத்தால்தான் நம் ஊர் முழுசாகத் தெரியும்.

எல்லாம் சரி, ஆனால் முகம் இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள்? (பெரம்பூர், மறுபடியும்)

மாநகராட்சிப் பொறியாளர் பார்ப்பார். அவர் பார்த்தால் போதும். இதற்கு மேல் இந்த விவாதத்தை நேரில் வைத்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நனைந்த கேமராவை அரிசி மூட்டையில் வைக்கலாமா? (கொருக்குப்பேட்டை)

வேண்டாம். அரிசித் தவிடும் தூளும் உள்ளே போகும். பேட்டரியையும் கார்டையும் கழற்றி, துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் மூடுபனி போல் ஆகிவிடுகிறது. (மாதவரம்)

குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படுவதால் வருவது. அறைக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு மூடி, பையோடு வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். துடைத்தால் திரும்பத் திரும்ப வரும். பருவமழை முடியும் வரை கேமராவைத் தோல் பையில் வைக்காதீர்கள், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

எந்த ஃபோன்... (மூன்று பேர்)

இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை. ஃபோனுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள்.

அங்கிள், மழை வந்தால் அம்மா வெளியே விட மாட்டார்கள். ஜன்னலிலிருந்து என்ன எடுக்கலாம்? (வண்ணாரப்பேட்டை, எட்டாம் வகுப்பு)

அம்மா செய்வது சரி. உனக்கு ஜன்னலிலேயே நிறைய இருக்கிறது கண்ணா. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒரு துளிக்கு ரொம்பப் பக்கத்தில் போய்ப் பார், அதற்குள் எதிர்வீடு தலைகீழாகத் தெரியும். ஒவ்வொரு துளியிலும் ஒரு வீடு. ஃபோகஸ் தானாகப் பின்னால் ஓடும், அதனால் துளி இருக்கும் இடத்தைத் திரையில் அழுத்திப் பிடித்துப் பூட்டிக்கொள். அப்புறம் கொடிக்கயிற்றில் வரிசையாகத் தொங்கும் துளிகள். சன்ஷேடிலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே தேங்கியிருப்பதில் விழும்போது எழும்பும் கிரீடம் போன்ற தெறிப்பு, அதற்கு மட்டும் ஷட்டர் 1/1000 வை. கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டாதே. இடி இடித்தால் கதவைச் சாத்திவிட்டு, எடுத்தவரை எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்.