ஓப்பன் சோர்ஸ் கம்ப்ரஷன் லைப்ரரி போட்டா பேட்டன்ட் தலைவலி வருமா?

கேள்வி: நாங்க நாலு பேர் சேந்து ஒரு பேக்கப் சாஃப்ட்வேர் விக்கிறோம், உள்ள டேட்டாவ சுருக்கறதுக்கு (கம்ப்ரஷன்) ஸீஸ்டாண்டர்ட்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி போட்டிருக்கோம். அமெரிக்க கஸ்டமரோட வக்கீல் "பேட்டன்ட் பிரச்சனை எதுவும் இல்லன்னு எழுதிக் குடுங்க"ங்கறார். ஓப்பன் சோர்ஸ்தானே, குடுத்துடலாமா?

அவசரப்பட்டு கையெழுத்து போட்டுடாதீங்க. ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ங்கறது அடிப்படைல புரோகிராம் கோடு எழுதுனவர் தன்னோட காப்பிரைட்டுக்கு குடுக்கற அனுமதி, அந்த கோடு பயன்படுத்தற முறை மேல வேற யாராவது பேட்டன்ட் வெச்சிருந்தா கோடு எழுதுனவரே மாட்டுவார், அப்புறம் உங்கள எங்க காப்பாத்த.

பழைய கதை ஒண்ணு. யுனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஃபைல சுருக்க கம்ப்ரஸ்னு ஒரு புரோகிராம், எல்லாரும் சும்மா யூஸ் பண்ணிட்டிருந்தாங்க, ஆனா உள்ள இருந்த எல்இசட்டபிள்யூங்கற சுருக்கற முறைக்கு 1985லயே பேட்டன்ட் குடுத்தாச்சு, அது யூனிசிஸ்ங்கற கம்பெனி கைக்கு வந்துச்சு. ஜிஃப் படத்துலயும் அதே முறைதான், 1994 கடைசில சாஃப்ட்வேர்காரங்க கிட்ட லைசென்ஸ் காசுன்னு அறிவிச்சதும் பெரிய ரகளை. கம்ப்ரஸுக்கு பதிலா ஜிஜிப்ங்கற புரோகிராம் 1992ல வந்ததே இந்த வம்பு வேணாம்னுதான், ஜிஃபுக்கு பதிலா பிஎன்ஜி பட ஃபார்மட் பொறந்ததும் அப்படியே. அமெரிக்காவுல அந்த பேட்டன்ட் 2003 ஜூன்ல காலாவதி ஆயிடுச்சு.

இப்ப உங்க லைப்ரரிக்கு வருவோம். 2016ல ஃபேஸ்புக் அத வெளியிட்டப்போ கூடவே பேட்டன்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருந்துச்சு, எங்க பேட்டன்ட்ட யூஸ் பண்ணிக்கோ, ஆனா எங்க மேல பேட்டன்ட் கேஸ் போட்டா அனுமதி கட். ஜனங்க கத்துனாங்க, 2017ல அத தூக்கிட்டு பிஎஸ்டி, ஜிபிஎல் 2ன்னு ரெண்டு ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல எது வேணுமோ எடுத்துக்கோன்னுட்டாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க, எனக்கு என்னவோ அரை சந்தோஷம்தான், ஏன்னா பிஎஸ்டில பேட்டன்ட்ங்கற வார்த்தையே கிடையாது. அப்பாச்சி 2ங்கற இன்னொரு லைசென்ஸ்ல பேட்டன்ட்டுக்கு வெளிப்படையா அனுமதி இருக்கும், ஆனா அதுவும் கோடு குடுத்தவங்க பேட்டன்ட்டுக்கு மட்டும்தான்.

இன்னொண்ணு, ஸீஸ்டாண்டர்டுக்குள்ள இருக்கற ஏஎன்எஸ்ங்கற சுருக்கற முறை போலந்துக்காரர் யாரெக் டூடா கண்டுபிடிச்சு எல்லாருக்கும் ஃப்ரீயா விட்டது. அதோட ஆர்ஏஎன்எஸ்ங்கற ஒரு கிளைல 2022ல மைக்ரோசாஃப்டுக்கு அமெரிக்காவுல ஒரு பேட்டன்ட் கெடச்சுது. உங்க லைப்ரரில இருக்கறது டேபிள் வெச்சு பண்ற வேற கிளை, அதனால பதறாதீங்க, ஆனா வக்கீல் ஏன் கேக்கறார்னு புரியுதில்ல?

நம்ம இந்திய பேட்டன்ட் சட்டத்துல 3(கே) பிரிவு வெறும் அல்காரிதத்துக்கு பேட்டன்ட் தராது, ஆனா நீங்க விக்கறது அமெரிக்காவுல, அங்க அவங்க சட்டம்தான்.

அதனால "இல்லவே இல்ல"ன்னு எழுதாம "எங்களுக்குத் தெரிஞ்சவரைக்கும் இதுவரை எந்த நோட்டீஸும் வரல"ன்னு எழுதுங்க, நஷ்ட ஈட்டுக்கு ஒரு உச்சவரம்பு கேளுங்க, அந்த வரிய மட்டுமாவது அங்கத்த பேட்டன்ட் வக்கீல் ஒருத்தர் கிட்ட காட்டிடுங்க. டீம் பசங்கள உக்காந்து பேட்டன்ட் தேட விடாதீங்க, ஒண்ண பாத்துட்டு அப்புறம் தெரிஞ்சே மீறினதா ஆனா அங்க நஷ்ட ஈடு மூணு மடங்கு வரைக்கும் தீட்டலாம். கோடுல கம்ப்ரஸர மாத்திக்கற மாதிரி வெச்சுக்கிட்டு ஜிஜிப்ல இருக்கற பழைய டிஃப்ளேட் முறையையும் ஒரு ஆப்ஷனா போட்டு வைங்க.