ஸ்டீராய்டு எப்படிப் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது? நல்ல செல்லையும் கொல்லாதா?

அக்கா மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று உறுதியான உடனேயே ஸ்டீராய்டு தொடங்கிவிட்டார்கள் என்றும், ஒரு ஹார்மோன் எப்படிப் புற்றுநோயைக் கொல்லும், நல்ல செல்களையும் சேர்த்துக் கொன்றுவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் நிணநீர்ச் செல் வகைப் புற்றுநோய்தான் அது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள், விலங்கியல் படித்தவள். ஆயினும் இதே கேள்வி என் எம்.ஃபில். படிப்பில் ஐந்து மாதங்களை விழுங்கியது என்பதால் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

முதலில், விஷம் கொல்வதைப்போல ஸ்டீராய்டு கொல்வதில்லை. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் ஆகியவை நம் அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனுக்கு நெருங்கிய உறவான ஸ்டீராய்டு மருந்துகள். கொழுப்பில் கரைபவை என்பதால் அவை செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே சென்று, அங்கே காத்திருக்கும் ஏற்பி என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. அந்த ஏற்பி உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை முடுக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது. நிணநீர்ச் செல்களில் அவ்வாறு முடுக்கப்படுபவற்றுள் பிம் என்னும் புரதத்தின் மரபணு முக்கியமானது. செல்லைக் காத்து நிற்கும் பிசிஎல்-2 வகைப் புரதங்களைப் பிம் கட்டிப்போட்டதும், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்னும் புரதம் கசிந்து, காஸ்பேஸ் என்னும் நொதிகள் விழித்து, செல்லை உள்ளிருந்தே நறுக்கத் தொடங்குகின்றன. (பிம் ஒன்றுதானா என்று உயிர்வேதியியல் படித்தவர்கள் கேட்பீர்கள். இல்லைதான், ஆனால் இது பாடநூல் அன்று.) புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடைச் சேர்த்துவிட்டு டெக்சாமெத்தசோன் கொடுத்தால் எலியின் தைமஸ் (நிணநீர்ச் செல்கள் முதிரும் மார்புச் சுரப்பி) செல்கள் சாவதில்லை என்பதிலிருந்தே, சாவதற்கு வேண்டிய கருவிகளை அந்தச் செல்லே செய்துகொள்கிறது என்பது விளங்கும். இவ்வகை இறப்புக்குத்தான் கெர், வில்லி, கரி என்னும் நோயியலாளர்கள் மூவரும் 1972-இல், இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு, அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர்.

அவர்களுள் வில்லி 1980-இல், ஸ்டீராய்டு பட்ட தைமஸ் செல்களில் டிஎன்ஏ கண்டபடி சிதையாமல் ஏறத்தாழ 180 கார இணைகளின் (டிஎன்ஏ ஏணியின் படிகள் போன்றவை) மடங்குகளாக அளவோடு வெட்டுப்படுகிறது என்று காட்டினார். துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினால் அது ஏணிப் படிகளாகத் தெரியும். இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலையும் அந்த ஏணியைக் காண்பதுதான். எலிகளைக் கொன்றாயா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நெறிக்குழுவின் அனுமதியோடுதான் செய்தோம். இளம் எலியின் இதயத்துக்கு மேல் இரண்டு வெள்ளை மடல்களாகக் கிடக்கும் தைமஸை எடுத்து, பனிக்கட்டியின் மேல் வைத்து, எஃகு வலையில் மெல்லத் தேய்த்துச் செல்களைப் பிரித்தேன். ஒரு பாதிக்கு டெக்சாமெத்தசோன் சேர்த்து, மறுபாதியைச் சும்மா விட்டு, 37 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்திருந்து, டிஎன்ஏவை எடுத்து ஓட்டினேன். புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்தால், மருந்து பெற்ற வரிசையில் ஏணி தெளிவாக இருந்தது. மருந்தையே காணாத கன்ட்ரோல் வரிசையிலும், சற்று மங்கலாக, அதே ஏணி நின்றது.

குழாய்களை மாற்றி வைத்துவிட்டாய் என்றார் நெறியாளர். மூன்று முறை செய்தும் அதே ஏணிதான் வந்தது. மூன்று முறையும் அதே ஏச்சைத்தான் வாங்கினேன். ஒன்றை மட்டும் நான் குறித்து வைத்திருந்தேன்: அந்த எலிகளின் தைமஸ், வயதுக்கு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. விலங்கு அறைக்குப் பின்சுவரை ஒட்டிப் புதுக் கட்டடத்துக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் இடிக்கும் கூண்டுகளில் தண்ணீர்ப் புட்டிகள் ஆடும். பொங்கலுக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய் இரண்டு வாரம் வேலை நின்றபோது, புதிதாக வந்த எலிகளை வைத்துச் செய்தேன். கன்ட்ரோலில் ஏணி இல்லை, ஜெல்லில் டிஎன்ஏவை ஊற்றும் குழிக்குச் சற்றுக் கீழே ஒரே பட்டையாக, வெட்டுப்படாத முழு டிஎன்ஏ நின்றது. 1936-இலேயே ஹான்ஸ் செல்யே என்னும் ஆய்வாளர், துன்புறுத்தப்பட்ட எலிகளின் அட்ரீனல் பெருத்துத் தைமஸ் சுருங்குவதை எழுதியிருக்கிறார். எலி தன் ஸ்டீராய்டைத் தானே சுரந்து, நான் கொடுப்பதற்கு முன்பே தன் செல்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டிருந்தது. அட்ரீனலை நீக்கிய எலிகளைப் பலர் இத்தகைய ஆய்வுக்குப் பயன்படுத்துவது ஏன் என்பது அப்போதுதான் உறைத்தது. இதை விளக்கி நான் எழுதிய பத்தியை ஆய்வேட்டிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். நிர்வாகத்தைக் குறை சொல்வதுபோல் இருக்கிறதாம்.

நல்ல செல்களையும் கொல்லாதா என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை, அந்தச் செல் எது என்பதைப் பொறுத்தது. நிணநீர்ச் செல்களுள் நல்லவையும் சாகின்றன. அதனால்தான் தொற்று வராமல் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதே ஸ்டீராய்டு நியூட்ரோபில் என்னும் வேறொரு வகை வெள்ளணுக்களின் இறப்பைத் தள்ளிப்போடுகிறது. எலும்பை ஆக்கும் செல்களைச் சாகவிட்டு, எலும்பை அரிக்கும் செல்களின் ஆயுளை நீட்டுவதும் அதுதான். வேறு சில திசுக்களில் ஹார்மோன் இல்லாமற்போவதே இறப்புக்குக் காரணமாகிறது: ஆண் ஹார்மோன் நின்றுவிட்டால் எலியின் புரோஸ்டேட் செல்கள் சில நாட்களிலேயே கூட்டமாக இறக்கின்றன. சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்னும் மருத்துவர் 1941-இல் புரோஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு விரைகளை நீக்கிப் பயன் கண்டதும் அந்தச் சார்பு இருப்பதால்தான். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சில புற்றுநோய்ச் செல்கள் ஸ்டீராய்டின் செய்தியைக் கேட்டும் பிம்மைப் பெருக்குவதில்லை. ஆகவே இந்த மருந்தைத் தனியே நம்பாமல் வின்கிரிஸ்டின், அஸ்பராஜினேஸ் போன்ற பிற புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். சில சிகிச்சை முறைகளில் முதல் ஏழு நாட்கள் பிரெட்னிசோலோன் கொடுத்து, எட்டாம் நாள் இரத்தத்தில் புற்றுநோய்ச் செல்கள் மைக்ரோலிட்டருக்கு 1000-க்குக் கீழே வந்தனவா என்று பார்ப்பார்கள். உங்கள் பையனுக்கு அந்தக் கணக்கு பார்க்கப்பட்டதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கன்னம் உப்புவதையும் ஓயாத பசியையும் கண்டு பயந்து, வீட்டில் யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் அவனுடைய அட்ரீனல் சோம்பிப்போயிருக்கும், திடீரென நிறுத்தினால் உடல் தாங்காது. மேலே சொன்னபடி ஸ்டீராய்டு எலும்பையும் பாதிக்கும் என்பதால், இடுப்பிலோ முழங்காலிலோ வலிக்கிறது என்று அவன் சொன்னால், ஓடி விளையாடிய வலி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.