பழசு கிளம்பி வரும் வயது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எனக்கு 74 வயது. வயதானவர்களோடு உட்கார்ந்து பேசுவதே பல வருஷம் என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அம்மா, ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. தியானத்துக்குக் கண்ணை மூடினாலே என்றைக்கோ செய்த தப்பெல்லாம் வரிசைகட்டி நிற்கிறது. எனக்கு என்ன ஆச்சு?

பதில்: ஒன்றும் ஆகவில்லை. வயதானவர்கள் பழசைக் கிளறினால் மூளை தளர்ந்துவிட்டது என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. முடிவு நெருங்குவதை உணரும் மனம் வாழ்க்கையைத் திருப்பிப் பார்ப்பது இயல்பு என்று 1963-ல் எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். சிலரை அது சோர்விலும் குற்ற உணர்விலும் தள்ளிவிடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதே காட்சி அச்சு மாறாமல் ஓடினால் அரைத்த மாவையே அரைக்கிறீர்கள். எதிரில் நின்றவர் பக்கமும் ஒரு நியாயம் தெரிய ஆரம்பித்தால், சரி, நடக்கட்டும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் டாக்டரைப் பாருங்கள். அதைத் தியானத்தால் சரிக்கட்ட முயல வேண்டாம்.

கேள்வி: மன்னிப்பு கேட்க வேண்டியவர் போய்விட்டார். இனி என்ன செய்ய?

பதில்: எனக்கு அப்படி என் அக்கா. நோட்டில் அவள் பேரை எழுதிவிட்டு நாலு மாதம் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. அப்புறம் ஒரு விடியற்காலையில் எழுதினேன்: "நீ போன் பண்ணினப்போ நான் வீட்டில்தான் இருந்தேன்." அதற்கு மேல் பேனா ஓடவில்லை. மன்னிப்பு கிடைத்ததா என்றால் சொல்லத் தெரியவில்லை. 'அப்போது வேலை அதிகம்' என்று எனக்கு நானே சொல்லிவந்த சாக்கு மட்டும் அன்றோடு நின்றது. 'தெரியாமல் செய்த பிழை' என்று மொத்தமாக எழுதாதீர்கள். என்ன செய்தீர்கள், என்ன சொன்னீர்கள், அதை எழுதுங்கள்.

கேள்வி: தரையில் உட்கார்ந்து ஜபம் பண்ண முட்டி விடமாட்டேன் என்கிறது.

பதில்: நாற்காலியில் உட்காருங்கள்.

கேள்வி: வயதானால் பக்குவம் தானாக வந்துவிடுமா?

பதில்: நரைதான் தானாக வரும். வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்த உளவியலாளர் எரிக் எரிக்சன், கடைசிக் கட்டத்தை நிறைவுக்கும் விரக்திக்கும் நடக்கும் இழுபறி என்றார். 1950-ல் அதை வெளியிட்டபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை! அவர் மறைந்த பிறகு, 1997-ல், தொண்ணூறைத் தாண்டியிருந்த அவர் மனைவி ஜோன் ஒன்பதாவது கட்டத்தைச் சேர்த்தார்: உடம்பு கைவிடும்போது, ஜெயித்துவிட்டதாக நினைத்த பழைய போராட்டங்கள் திரும்பவும் வரும். நான் அந்தம்மா கட்சி.

கேள்வி: அப்பா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பொறுமை போகிறது.

பதில்: பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் முதுமையில் அதிகம் மேலே வரும். அவர் கதையும் அந்த வயதுக் கதையாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் முன்னால் சொன்னதே நினைவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, "இதைச் சொல்லிட்டீங்கப்பா" என்று மட்டும் வெட்டாதீர்கள். இதுவரை கேட்காத சின்னக் கேள்வி ஒன்றைக் கேளுங்கள். நான் ஐம்பது வருஷமாகச் சொல்லிவரும் ஒரு கதையின் நடுவே பேரன், "அப்போ மழை பெஞ்சுதா பாட்டி?" என்றான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது.