௵ எந்தக் கீயில் இருக்கிறது? ஃபாண்டு சந்தேகங்களும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: “இந்த எழுத்து கீபோர்டில் இல்லையே, எப்படிக் கொண்டுவருவது?” பதில் தேடுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரம்தான் யூனிகோட். அந்த எழுத்துக்கு யூனிகோடில் தனி எண் உண்டா, இல்லை ஃபாண்டுக்குள் இருக்கும் மாற்று வடிவம் மட்டும்தானா? எண் இருந்தால் எந்தக் கணினியிலும் வரவழைக்கலாம். வடிவம் மட்டும்தான் என்றால், அதை வைத்திருக்கும் ஃபாண்டைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கல்யாணப் பத்திரிகையில் வருஷம், மாதம், தேதிக் குறிகளைப் பழைய பத்திரிகையிலிருந்து ஸ்கேன் செய்து படமாக ஒட்டுகிறோம். வேர்டில் நேரடியாக அடிக்க முடியுமா? (அச்சக உரிமையாளர், மன்னார்குடி)

தாராளமாக முடியும். 2003இல் வந்த யூனிகோட் 4.0 முதலே இவற்றுக்குத் தனி எண் உண்டு. நம்லாக் எரிய வேண்டும். ஆல்ட் கீயை அழுத்தியபடி, வலது பக்க எண் பலகையில் 3059 அடித்துக் கையை எடுங்கள், தேதிக்கு உரிய ௳ வந்துவிடும். 3060 என்றால் மாதத்துக்கு உரிய ௴, 3061 என்றால் வருஷத்துக்கு உரிய ௵. அப்படியே தொடர்ந்தால் 3062 பற்றுக்கு உரிய ௶, 3063 வரவுக்கு உரிய ௷, 3064 மேற்படிக்கு உரிய ௸, 3065 ரூபாய்க்கு உரிய ௹. மேல் வரிசையில் உள்ள எண் கீகளால் இது நடக்காது. எண் பலகை இல்லாத லேப்டாப் என்றால், இன்சர்ட் மெனுவில் சிம்பல் பகுதிக்குப் போய், ஃபாண்டாக நிர்மலா யூஐயைத் தேர்ந்து, தமிழ்ப் பகுதியின் கடைசி வரை இறங்கிப் பாருங்கள்.

குறிக்குப் பதில் வெறும் கட்டம் வந்தால் பதற வேண்டாம். எழுத்து அங்கேதான் இருக்கிறது, அதற்கான வடிவம் அந்த ஃபாண்டில் இல்லை, அவ்வளவுதான். அந்தக் குறியை மட்டும் தேர்ந்து நோட்டோ செரிஃப் தமிழுக்கு மாற்றுங்கள். அச்சுக்கு அனுப்பும்போது வேர்ட் கோப்பாக அனுப்பாமல், ஃபாண்டு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் எண்களில் தேதி போடும்போது ௧ வேண்டிய இடத்தில் ‘க’வையும், ௭ வேண்டிய இடத்தில் ‘எ’வையும் அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது எண்ணே அல்ல, எழுத்துதான். ௦ முதல் ௯ வரை 3046 முதல் 3055 வரை இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்துங்கள்.

பாமினி ஃபாண்டில் இந்தக் குறிகள் எங்கே இருக்கின்றன?

தேடாதீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய ஏற்பாடு. அதில் இடமும் குறைவு. அந்தக் குறியை மட்டும் யூனிகோட் ஃபாண்டில் அடித்துவிடுங்கள்.

தாத்தா எழுதிய பழைய நூலை மறுபதிப்பு செய்கிறோம். ‘லை’, ‘னை’ எல்லாம் அன்று இருந்தபடி துதிக்கையோடு (யானைத் துதிக்கை போல் எழுத்தோடு ஒட்டி வளையும் கோடு) வர வேண்டும். எந்த எண்ணை அடிப்பது? (திருச்சி வாசகி)

இதற்கு எண்ணே கிடையாது, இருக்கவும் கூடாது. 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அவற்றோடு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என 13 எழுத்துகளின் உருவம் மாறியது. மாறியது உருவம் மட்டும்தான். யூனிகோடுக்கு அன்றைய லையும் இன்றைய லையும் ஒன்றே: ‘ல’, அதன்பின் ஐகாரக் குறி. எப்படி வரைவது என்பது ஃபாண்டின் வேலை.

ஆகவே வழக்கம்போலவே அடியுங்கள். பிறகு உங்கள் ஃபாண்டில் பழைய வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் டைப் மெனுவில் உள்ள கிளிஃப்ஸ் பேனலைத் திறந்தால், எண் இல்லாத வடிவங்கள் உட்பட ஃபாண்டில் உள்ள எல்லாமே வரிசையாகத் தெரியும். லிப்ரே ஆபீஸில் எழுத்து அமைப்புப் பெட்டியில் ஃபீச்சர்ஸ் என்ற பொத்தான் உண்டு. ஃபாண்டு செய்தவர் மாற்று வடிவங்களைத் தொகுப்பாக வைத்திருந்தால் அங்கே டிக் அடித்தாலே முழுப் புத்தகமும் மாறும். அது இல்லாவிட்டால், பழைய எழுத்து முறைக்கென்றே இருக்கும் லோஹித் தமிழ் கிளாசிக்கலை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

சிலர் துதிக்கையைத் தனியாக வரைந்து ஒட்டித் தருவதாகச் சொல்வார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளை அந்த நூலின் மின்பதிப்பில் ஒருவர் ‘மலை’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. தாத்தாவின் எழுத்து தேடுபவர் கைக்கு எட்ட வேண்டாமா?

உறுப்பினர் பட்டியலில் ‘ஸ்ரீ’ என்று தேடினால் பாதிப் பெயர்கள்தான் வருகின்றன. ஏன்?

அது இரண்டு விதமாக அடிக்கப்பட்டிருக்கும். ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 2005இல். அதுவரை ‘ஸ’வை வைத்துத்தான் ஸ்ரீ அடித்தோம். இப்போது யூனிகோட் பரிந்துரைப்பது ‘ஶ’வை. இரண்டும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுதான். கண்டுபிடிக்க எளிய வழி: எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை மூன்று முறை தட்டுங்கள். ஈகாரக் குறி, ‘ர’, புள்ளி என ஒவ்வொன்றாகக் கழன்று, மிஞ்சி நிற்பது ‘ஸ’வா ‘ஶ’வா என்று தெரிந்துவிடும். அப்புறம் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். எது என்பதைவிட ஒரே மாதிரி இருப்பது முக்கியம்.

சுலோகப் புத்தகத்தில் வடமொழியின் வெவ்வேறு ககர ஒலிகளைப் பிரித்துக் காட்ட க², க³, க⁴ அடிக்கிறோம். ‘கோ³விந்த³’ என்பதை வாட்ஸப்பில் ஒட்டினால் ‘கோ3விந்த3’ ஆகிவிடுகிறது. (மாம்பலம்)

சூப்பர்ஸ்கிரிப்ட் பொத்தானை அழுத்தி உயர்த்தியிருக்கிறீர்கள். அது வெறும் அலங்காரம், ஒட்டும்போது உதிர்ந்துவிடும். உயர்ந்த எண்களுக்கே தனி எழுத்து உண்டு: ஆல்ட்டோடு 0178, 0179, 8308. உயிர்மெய்யை முழுதாக முடித்த பிறகே எண்ணைப் போடுங்கள். ‘க’வுக்கும் ஓகாரக் குறிக்கும் நடுவே போட்டால் குறி புள்ளிவட்டத்தில் தொங்கும்.

⁴ மட்டும் உயரமாகவோ மெலிந்தோ தெரிகிறதா? ² ³ இரண்டும் ஏறக்குறைய எல்லா ஃபாண்டிலும் இருக்கும், ⁴ பலவற்றில் இருக்காது. வேர்ட் அதை வேறு ஃபாண்டிலிருந்து கடன் வாங்கியிருக்கும். மூன்றும் உள்ள ஒரே ஃபாண்டுக்கு மூன்றையும் மாற்றினால் சரியாகிவிடும்.

இன்டிசைனில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.

பாராகிராஃப் பேனல் மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். ஃபாண்டின் மேல் தவறு இல்லை.

போனில் அடிக்கடி ௹ தேவைப்படுகிறது.

ஒரு முறை நகலெடுத்து, கீபோர்டின் சொந்த அகராதியில் ‘ரூரூ’ போன்ற குறுக்குவழியோடு சேமித்துவிடுங்கள்.

பழைய நிலப் பத்திரங்களில் வரும் முந்திரி, காணி, மா குறிகளைக் கணினியில் ஏற்ற முடியுமா? (கல்வெட்டு ஆர்வலர்)

முடியும். எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த சேர்ப்பு அது. 2019இல் யூனிகோட் 12.0 தமிழுக்கென இரண்டாவது பகுதி ஒன்றைத் திறந்து 51 குறிகளைச் சேர்த்தது. முந்திரி எனப்படும் 320இல் ஒரு பங்கிலிருந்து தொடங்கும் பின்னங்கள், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு போன்ற அளவைகள், காசு, பணம், பொன், வராகன், நெல்லுக்கான குறி வரை எல்லாம் இருக்கின்றன. சாதாரணத் தமிழ் ஃபாண்டுகளில் இவற்றை எதிர்பார்க்காதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் என்று தனி ஃபாண்டு இருக்கிறது. அதை நிறுவி, வேர்டின் சிம்பல் பெட்டியில் அந்தப் பெயரைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை வேறொருவருக்கு அனுப்பினால் ஃபாண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் கணினியில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.