நோய் எதிர்ப்புப் புரதங்களின் வடிவத்தையெல்லாம் படித்து என்ன பயன்? அவற்றின் வேலையை மட்டும் தெரிந்துகொண்டால் போதாதா?

எம்.எஸ்சி. மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். செமஸ்டர் நெருங்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும். நானும் 2006-ல் உயிர்வேதியியல் முடித்தவள்தான், அந்தப் படங்களை வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு மறந்துவிட்டேன். இருந்தாலும் உங்கள் கேள்வியைப் பார்த்தபிறகு பேசாமல் போக மனம் வரவில்லை.

அம்மாவுக்கு முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். மெத்தோட்ரெக்சேட் மாத்திரையில் பல வருடம் ஓட்டி, காலையில் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனபிறகு டாக்டர் அடாலிமுமாப் ஊசி எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு ஒன்று, 40 மில்லிகிராம், வீட்டிலேயே தொடையில் போட்டுக்கொள்ளலாம். 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். நான் ஊரில் இல்லாத ஒரு நாள் தம்பி ஊசியை வாங்கிவந்து, குளிர்ச்சி கூடினால் நல்லதுதானே என்று ஃப்ரீசரில் வைத்துவிட்டான். மறுநாள் வந்து பார்த்தால் சிரிஞ்சுக்குள் மருந்து கல்லாக உறைந்து கிடக்கிறது. "அக்கா, உருகினா சரியாப் போயிரும்லா? உள்ள இருக்கது அதே மருந்துதான?" என்றான். உருகியதும் தண்ணீர் மாதிரித் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் தூக்கிப் போடச் சொன்னேன். அம்மா அழுதுவிட்டாள், அவளுடைய ஒரு மாத பென்ஷனில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஊசி.

தம்பி கேட்டதும் நீங்கள் கேட்டதும் ஒன்றுதான். அந்தச் சிரிஞ்சில் ஒரு அணுகூடக் குறையவில்லை. ஆனால் அந்த மருந்து ஒரு ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடிக்கும் புரதம். உறையும்போது அந்தப் புரதம் மடிந்து நிற்கும் வடிவம், அதாவது மடிப்பு, கலைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடலாம், அது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். மடிப்பு போன ஆன்டிபாடியால் தான் பிடிக்க வேண்டியதைப் பிடிக்க முடியாது, அப்படித் திரண்டதை உடம்பு அந்நியமாகப் பார்த்து மருந்துக்கே எதிராகக் கிளம்பவும் வாய்ப்புண்டு.

சரி, அது பிடிக்க வேண்டியது எதை? டிஎன்எஃப் என்ற புரதத்தை. அம்மாவின் மூட்டுகளில் அழற்சியைக் கிளப்பிவிடும் முக்கியமான ஆள் அது. 157 அமினோ அமிலம் கொண்ட ஒரே மாதிரியான மூன்று துண்டுகள், மூன்று அடுப்புக்கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதுபோல் நிற்கின்றன. புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே செலுத்திப் பார்க்கும் எக்ஸ்ரே படிகவியல் மூலம் 1989-ல் இந்த அமைப்பைக் கண்டார்கள். இதில் முக்கியமானது கல் இல்லை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு. செல்லின் மேலிருந்து சேதி வாங்கும் புரதமான ஏற்பி வந்து உட்காருவது அந்த இடுக்கில்தான். மூன்று இடுக்கு இருப்பதால் மூன்று ஏற்பிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர, செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அவற்றின் வால்களும் நெருங்குகின்றன, அந்த நெருக்கத்தில் மற்ற புரதங்கள் வந்து கூட, சேதி உள்ளே போய்விடுகிறது. ஒற்றைத் துண்டாகப் பிரிந்துவிட்டால் இடுக்கும் இல்லை, சேதியும் இல்லை. மூன்றில் ஒரு துண்டை மட்டும் வெளியே தள்ளி டிஎன்எஃப்பை முடக்கும் ஒரு சின்ன மூலக்கூறை 2005-ல் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அம்மாவின் ஊசி வேறு வழியில் போகிறது, ஏற்பி உட்கார வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு தான் உட்கார்ந்துவிடுகிறது. வடிவம் தெரியாமல் இதில் எதைப் புரிந்துகொள்வீர்கள்?

அழற்சியைக் கிளப்பும் இன்னொரு புரதமான இன்டர்லூகின்-1 இன்னும் அழகு. அதில் ஒரு வகையான இன்டர்லூகின்-1 பீட்டாவும் அதைத் தடுக்க உடம்பே தயாரிக்கும் புரதமும் கிட்டத்தட்ட ஒரே மடிப்பு, இரண்டும் ஒரே ஏற்பியில்தான் உட்காரும். ஆனால் சேதி போக இரண்டாவதாக ஒரு துணைப்புரதம் வந்து சேர வேண்டும். தடுக்கும் புரதம் உட்கார்ந்தால் அந்தத் துணை வந்து சேராது. சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதையே மருந்தாக்கியதுதான் அனகின்ரா.

வடிவம் மட்டுமே எல்லாம் என்று நான் சொல்லவில்லை, பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள். ஒரே டிஎன்எஃப், அதற்கு இரண்டு வகை ஏற்பிகள், எந்தச் செல், எந்தச் சூழல் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் என்று எனக்கும் தெரியும். காசநோய்க் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டிவைக்கும் சுவரைக் காப்பதும் இதே டிஎன்எஃப்தான், அதனால்தான் முதல் ஊசிக்கு முன்னால் அம்மாவுக்கு காசநோய்ப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். ஆனால் இந்த வாதங்களுக்கும் முதலில் அந்த ஏற்பி எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தானே ஆக வேண்டும்?

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. பதினோரு வருடம் ஒரு நாள் தவறாமல் பிரீமியம் கட்டிய மருத்துவக் காப்பீட்டில் இந்த ஊசிக்கு ஒரு ரூபாய் கிடைக்காதாம். ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் படுத்திருந்தால்தான் பணமாம். வீட்டில் அஞ்சு நிமிஷத்தில் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு எதற்கு ஒரு நாள் கட்டில்? இரண்டு முறை கடிதம் எழுதினேன், இரண்டு முறையும் அதே விதியைத்தான் அச்சடித்து அனுப்பினார்கள். மூன்றாவதை நேற்று ராத்திரி எழுதி முடித்தேன், நாளைக்குப் பதிவுத் தபாலில் போடப் போகிறேன்.