முதல் பனிக்காலம் போகட்டும், மகளே

மகளே, நீ கேட்டிருப்பதை முதலில் ஒரு முறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து கலியாணமாகி, நீலகிரியில் கோத்தகிரிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்காரர் விடிந்ததும் தேயிலை ஃபேக்டரிக்குப் போய்விடுகிறார். வீட்டோடு இருந்து மரக்கறித் தோட்டம் போட வேண்டும், ஒரு போறணை (இங்கே ஓவன்) வாங்கிப் பாணும் (இங்கே ரொட்டி) கேக்கும் சுட வேண்டும், ஒட்டுத்துணிப் போர்வை தைக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. அம்மா கொடுத்தனுப்பிய ஒரு பிடி போஞ்சி விதை கையில் இருக்கிறது, இந்த வாரமே ஊன்றட்டுமா பெரியம்மா என்கிறாய். கொழுந்து பறிக்க அக்கம்பக்கத்தார் கூப்பிடுகிறார்கள், மாட்டேன் என்றால் தவறா என்கிறாய். கடைசியில் விசா, ஆதார் எல்லாம் எத்தனை நாளில் முடியும் என்று ஒரு வரி.

போறணை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே அந்தச் சொல்லைச் சொல்ல ஆள் இல்லை. 1977-ல் நாங்கள் வந்த புதிதில், கோத்தகிரி கடைவீதியில் ஒரு கடை முன் நின்று, "ஒரு இறாத்தல் பாண் தாருங்கள்" என்று கேட்டேன். எனக்குப் பதினான்கு வயது. கடைக்காரர் பான் பீடா என்று நினைத்து வெற்றிலைக் கடையைக் கை காட்டினார். பின்னால் நின்ற அம்மா ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்று இரவு தேத்தண்ணீர் மட்டும்தான். பாஷை ஒன்றுதானே, இது என்ன வெளிநாடு என்று நினைத்துவிடாதே. கடலைத் தாண்டினால் போஞ்சி பீன்ஸாகிறது, மரக்கறி காய்கறியாகிறது, மழை பெய்யும் மாதமே மாறுகிறது.

விசா, ஆதார் பற்றி என்னைக் கேட்காதே. நாங்கள் வந்தது 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த தோட்டத் தமிழரில் இந்தியா ஐந்தேகால் லட்சம் பேரை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கணக்கில். நீ வந்திருப்பது கலியாணப் பதிவோடு. சட்டம் வேறு. நீயும் வீட்டுக்காரரும் உதகைக்குப் போய் கலெக்டர் அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். நடுவில் ஆள் வைக்காதீர்கள். எங்களுக்கு வந்த கடன் பணத்தில் பாதியை, வாங்கித் தருகிறேன் என்று வந்த ஒருவன் தின்றுவிட்டான். அவன் வெளியாள் இல்லை, தலைமன்னாரில் எங்களோடு கப்பல் ஏறியவன். நம் ஆள் என்று வருகிறவனிடம்தான் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களை அகதி என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அகதிகள் 1983-க்குப் பிறகு உயிருக்குத் தப்பி வந்தவர்கள், அவர்கள் பட்டது பெரிய பாடு. நாங்கள் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, எண்ணிப் பிரித்து அனுப்பிய ஜனம். காகிதத்தில் எங்களுக்குப் பெயர் தாயகம் திரும்பியோர். பிறக்காத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று அம்மா சாகும்வரை கேட்டாள்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். நீ அவசரப்படுவது அங்கேதான். போஞ்சி விதையை இந்த வாரம் ஊன்றாதே. அடுத்த வாரமும் ஊன்றாதே. ஒரு பனிக்காலம் போகட்டும்.

ஹட்டனில் வைகாசி கடைசியில் மழை பிடித்தால் ஆடி, ஆவணி வரைக்கும் விடாது. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. நமக்கு மேற்கே தொட்டபெட்டா நிற்கிறது, 2,637 மீட்டர் உயரம். தென்மேற்குக் காற்றின் மழையைக் கூடலூரும் அவலாஞ்சியும் வாங்கிக்கொள்ளும், கோத்தகிரிக்குச் சாரல்தான் மிஞ்சும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மழை நின்றதும் நீர்ப்பனி இறங்கும், அதன் பின்னாலேயே உறைபனி. மார்கழி, தை இரண்டும் செடிக்குக் கண்டம்.

எங்களிடமும் போஞ்சி விதை இருந்தது. அம்மா அதைக் கம்பளியின் ஓர மடிப்பில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாள். சோதனையின்போது ஓர் அதிகாரி மடிப்பைப் பிரித்து உதறினார். விதை தரையில் சிதறி ஓடியது. அம்மா குனிந்து பொறுக்கப் போனாள், காலால் ஒதுக்கித் தள்ளினார். (விதை கொண்டுவர அனுமதி வேண்டும் என்பது சட்டம். அடுத்த முறை நீயும் கொண்டுவராதே. ஆனால் காலால் தள்ளச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.) மடிப்பின் மூலையில் சிக்கிக் கிடந்தவை பதினோரு விதைகள். அவற்றை அம்மா இங்கே ஐப்பசியில், வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில், தண்ணீர் எடுக்கச் சுலபம் என்று ஊன்றினாள். ஒன்பது முளைத்தன. மார்கழியில் பூ விட்டன.

ஒரு நாள் காலை புல் முழுக்கக் கல்லுப்பு தூவியது போல் வெள்ளை. கொடி மட்டும் பச்சையாகத்தான் நின்றது. பிழைத்துவிட்டது என்று அம்மா சிரித்தாள். எட்டு மணிக்கு வெயில் பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைகள் வெந்த கீரை போல் கண்ணாடி நிறமாகித் தொங்கின. மத்தியானத்துக்குள் கறுத்துப்போயின. அந்த விதை அதோடு போயிற்று. இலங்கையில், தலவாக்கலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் பாட்டி காலத்திலிருந்து இருந்த விதை.

பிறகு பக்கத்து ஹட்டியில் (இந்த மலையின் படகர்கள் வாழும் ஊர்) ஒரு படகப் பாட்டிதான் எனக்கு விளக்கம் சொன்னார். குளிர்ந்த காற்றும் தண்ணீர் போலத்தான், மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் ஊன்றினால் பனிக்கு ஊன்றியதுதான். அதனால் இந்த மார்கழியில் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. காலையில் எழுந்து, வெள்ளை எங்கே விழுகிறது, எங்கே கடைசியாகக் கரைகிறது என்று பார். கடைசியாகக் கரையும் இடத்திலெல்லாம் ஒரு குச்சி நட்டு வை. அந்தக் குச்சிக்குக் கீழே போஞ்சி வேண்டாம். விதையைச் சாம்பலில் புரட்டித் தகர டப்பாவில் போட்டு வை, கெடாது. மாசி கடைசியில், குச்சிக்கு மேல்பக்கம் பாதியை ஊன்று. மீதிப் பாதி டப்பாவிலேயே இருக்கட்டும்.

இருக்கிற ரோஜாவையும் பூச்செடியையும் காப்பாற்ற மிலார்ச் செடியை வெட்டிக் கவிழ்த்து மூடு. உதகை தாவரவியல் பூங்காவிலேயே பனிக்காலத்தில் மலர்ச் செடிகளுக்கு அதைத்தான் போடுகிறார்கள், கோத்தகிரி மிலார் என்றே அதற்குப் பெயர். பழைய தேயிலை நிலமாக இருந்தால் மண் புளித்திருக்கும், டாலமைட் சுண்ணாம்பு போடாமல் கேரட் வராது. உருளைக்கிழங்கை ஒரே பாத்தியில் வருடா வருடம் போடாதே. உருளைச் செடியின் வேரைத் தாக்கும் நூற்புழு, இந்த மலையில் 1961-லேயே கண்டுபிடித்தது, இன்னும் மண்ணில் இருக்கிறது. மேரக்காய்க்கு (சௌசௌ) மட்டும் ஒரு பந்தல் போட்டுவிடு, அது தானாகக் காய்த்துத் தள்ளும்.

வீட்டின் பின்பக்கத்து மேட்டை வெட்டிச் சமதளமாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த இரவுகளில் நான் தூங்கவில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து பங்களா கட்டுகிறவர்கள், ஜே.சி.பி. வைத்து மலையை ரொட்டித் துண்டு போல் வெட்டுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நீ மேட்டை மேடாகவே விடு, குறுக்கே கல் அடுக்கிச் சின்னச் சின்னப் பாத்தியாக எடு.

விடிவதற்கு முன்பு, இருட்டிய பின்பு, மூடுபனி இறங்கிய நேரம் ஆகிய மூன்று வேளையும் தோட்டத்தில் இறங்காதே. காட்டெருமை தேயிலைச் செடிக்கு நடுவில் பாறை போல் நிற்கும், பத்தடியில் போனால்தான் தெரியும். கரடி எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் பழத்துக்கும் வரும். கோவில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைத்து நுழைகிற மிருகம், உன் சமையலறையை விடுமா? பழத்தோலைக் குப்பைக்குழியில் போடாதே, ஆழமாகப் புதை. கேக் சுட்ட தட்டை இரவு வெளியே வைக்காதே.

போறணை என்றதும் இதுவும் சொல்ல வேண்டும். ஹட்டன் ஏறக்குறைய 4,100 அடி, கோத்தகிரி 5,900 அடி. இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே செய்த அளவில் கேக் செய்தால் வேகமாக உப்பி நடுவில் அமுங்கும். பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறை, இரண்டு கரண்டி பால் கூட்டு, சூட்டைக் கொஞ்சம் ஏற்று. பாண் மாவு வேறு கதை. மார்கழிக் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். ராத்திரியே பிசைந்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். விடியக் கையை விட்டுப் பார்த்தால் தூங்குகிற குழந்தையின் வயிறு போல் மெத்தென்று இருக்கும்.

ஊட்டி வர்க்கியை, அந்த அடுக்கடுக்கான மொறுமொறு பண்டத்தை, மட்டும் வீட்டில் செய்ய நினைக்காதே. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. பழைய புளித்த மாவைத் தாயாக வைத்து, மடித்து மடித்து, விறகு அடுப்பில் சுடுகிறவர்கள் கைக்குத்தான் அந்த அடுக்கு வரும். வாங்கித் தின்பதே மரியாதை. நான் ஓவன் வாங்கியது பணி ஓய்வுக்குப் பிறகுதான். அதுவரை அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, மூடி மேல் தணல் போட்டு, அம்மா லயத்துக் காம்பராவில் (அறையில்) நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) சுட்ட மாதிரியே சுட்டேன். அதன் அடிப்பக்கத்து மணம் ஓவனில் வரவில்லை.

கொழுந்து பறிக்கப் போகாமல் இருப்பது தவறா என்கிறாயே, அதுதான் என் மனதைக் குத்துகிறது. அம்மா விடியற்காலை பெரட்டுக்கு, தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடியவள். பாட்டியும் அப்படித்தான். அவர்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள் என்றால் அது காய்ச்சல் நாள், இல்லை சாவு விழுந்த நாள். நானே எங்களுக்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கூடை சுமந்தேன். கேவலமில்லை, பெருமைதான். அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனால் உன் வீட்டில் ஒரு சம்பளம் போதுமென்றால் நீ இரு. யாருக்கும் கணக்குச் சொல்லாதே. எங்களோடு வந்தவர்களில் சிலர், நாற்பது வருடம் கழித்தும் "அங்கே என்றால்" என்று ஆரம்பித்துத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் கோயம்புத்தூர் போய், சொந்த ஊர் திருச்சி என்று சொல்லி வாழ்கிறார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்காது. நான் சிலோன்காரி என்று சொல்லித்தான் படகப் பெண்களோடு பழகினேன். இன்று அவர்கள் பேசுவது எனக்கு முழுக்கப் புரியும், என் தோட்டத்தைப் பார்த்து "ஒள்ளித்து", நன்றாக இருக்கிறது, என்கிறார்கள்.

இப்போது என் நாள் எப்படித் தெரியுமா? மாவை எழுப்பி வைத்துவிட்டு, வெயில் படிக்கட்டைத் தொட்டதும் களை எடுக்க இறங்குவேன். பதினோரு மணிக்கு வீடு முழுக்கப் பாண் மணம். பிறகு வாசலில் பாய் போட்டுத் துணி வெட்டுவேன். நாலு அங்குல அட்டை ஒன்றை வைத்து வெட்டு, கண் அளவில் வெட்டினால் மூலை சேராது. துணியை முதலில் இரண்டு முறை துவைத்துச் சாயத்தைப் போக்கு. திருப்பூர் பனியன் துண்டு கிலோ கணக்கில் வரும், ஆசைப்படாதே, அது இழுபட்டுக் கோணும். பருத்தியோடு பருத்திதான் சேரும். மழை மாதத்தில் தைத்ததை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், கொடியிலேயே கிடக்கட்டும்.

மேலே ஒட்டுத்துணி, அடியில் பழைய வேட்டி, நடுவில் கனத்துக்கு ஒன்று வேண்டும். என் போர்வைக்கு நடுவில் இருப்பது அம்மாவின் கம்பளி. தலவாக்கலை மழையில் அவள் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்த அதே கம்பளி. அந்த அதிகாரி பிரித்த மடிப்பை நான் திரும்பத் தைக்கவில்லை, அப்படியே உள்ளே வைத்து மூடிவிட்டேன். கையை வைத்துத் தடவினால் அந்த இடம் மட்டும் மெலிந்து தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கீழே இறங்கும் படிக்கட்டு, மேரக்காய்ப் பந்தல் இருக்கிற வீடு. உன் அம்மாவின் சேலை ஏதாவது இருந்தால் எடுத்து வா, கிழிந்ததாக இருந்தாலும் சரி. நைலக்ஸ் வேண்டாம், நூல் சேலை.