கனிமம் கிழக்கில், ஆலைகள் மேற்கில்

கேள்வி: நாட்டிற்குள் சரக்குகள் தடையின்றிச் சென்றுவந்தால் பின்தங்கிய மாநிலங்களும் தாமாகவே முன்னேறும் என்கிறார்கள். அப்படியானால், நிலக்கரியும் இரும்புத்தாதும் குவிந்து கிடந்த பீகார், ஜார்க்கண்ட் பகுதி இன்றும் ஏழ்மையில் இருப்பது ஏன்?

பதில்: மூலப்பொருள் எங்கே கிடைக்கிறது என்பதைவிட, அதைப் பண்டமாக்கும் ஆலை எங்கே அமைகிறது என்பதுதான் ஒரு பகுதியின் வருமானத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இதற்கு, 1950களில் மத்திய அரசு கொண்டுவந்து 1990களின் தொடக்கம்வரை நீடித்த சரக்குக் கட்டணச் சமன் கொள்கையே தெளிவான சான்று. அதன்படி, ஜாம்ஷெட்பூரில் உருவான ஒரு டன் எஃகு, ஆலைக்கு அருகிலிருந்த பட்டறைக்கும் பம்பாயிலிருந்த தொழிற்சாலைக்கும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைத்தது. ரயில் கட்டணம் பொதுநிதி ஒன்றின் வழியாக வாங்குவோர் அனைவர் மீதும் சராசரியாகப் பகிரப்பட்டதால், அருகிலிருந்தவர் தொலைவிலிருந்தவரின் கட்டணத்தில் ஒரு பங்கைத் தாம் கொடுத்த விலையிலேயே சுமந்தார். கனிமத்துக்கு அருகில் இருப்பது கிழக்கு மாநிலங்களுக்குத் தந்த பெரும் சாதகம் இவ்வாறு கரைந்தது. மேற்கிலும் தெற்கிலும் விளைந்த பருத்திக்கோ இத்தகைய சமன் செய்யப்படவில்லை. இது அநீதி என்றே நான் கருதுகிறேன். தெற்கின் பொறியியல் தொழில்கள் இதனால் பயனடைந்தன என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

கொள்கை கைவிடப்பட்ட பின்னும் தொழில்கள் கிழக்குக்குத் திரும்பவில்லை. துறைமுகம், வங்கிக் கடன், உதிரிபாகம் செய்வோர், தேர்ந்த தொழிலாளர் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் சேர்ந்தபின், புதிய முதலீடும் அங்கேயே போய்ச் சேர்கிறது. பின்தங்கிய பகுதியின் இளைஞர்களும் சேமிப்பும்கூட அதே திசையில் நகர்கின்றன. பொருளியலாளர் குன்னார் மிர்தால் 1957-இலேயே இதை விளக்கினார். பீகாரின் நிலவுடைமைச் சிக்கல், மின்பற்றாக்குறை, நிர்வாகக் குறைபாடுகள் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு என்பதால், பழியனைத்தையும் ஒரே கொள்கையின் மீது சுமத்துவது சரியாகாது.

2000-இல் ஜார்க்கண்ட் பிரிந்தபோது கனிமங்களில் பெரும்பகுதி அங்கே சென்றது. 2017-இல் வந்த ஜிஎஸ்டி, பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கே வரியைச் சேர்ப்பதால், கனிமத்தை வெட்டி அனுப்பும் மாநிலத்துக்கு, வெட்டுவோர் செலுத்தும் உரிமைத்தொகையான ராயல்டியே முக்கிய வருவாயாகிறது. ராயல்டி என்பது வரி அல்ல என்றும், கனிம உரிமைகள் மீது மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. அந்த வருவாய், தாதைச் சுரங்கப் பகுதியிலேயே பண்டமாக்கத் தேவையான மின்சாரத்துக்கும் தொழிற்கல்விக்கும் செலவிடப்பட வேண்டும்.